இராணுவச் சட்டத்தில் பறிபோன கம்பெனி: வழக்கில் ஜெயித்தால் சாவி கிடைக்குமா? (டாக்கா மூன் தியேட்டர் வழக்கு)

#1 ஓலைப்பெட்டி

போன வாரம் வேறொரு இழையில், "இராணுவ ஆட்சியில் கம்பெனியைப் பிடுங்கினால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதானே" என்று ஒருவர் சர்வசாதாரணமாக எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

பழைய டாக்காவில் புரிகங்கை ஆற்றங்கரையில் வைஸ்காட் என்றொரு பகுதி. அங்கே மூன் என்று ஒரு சினிமா தியேட்டர் இருந்தது. சொந்தக்காரர் தனிமனிதர் அல்ல, ஒரு கம்பெனி. பெயருக்கும் சினிமாவுக்கும் ஒட்டு உறவு கிடையாது: பங்களாதேஷ் இத்தாலியன் மார்பிள் ஒர்க்ஸ் லிமிடெட். 1971 டிசம்பரில் பங்களாதேஷ் விடுதலைப் போர் முடிந்த கையோடு தியேட்டர் கம்பெனியின் கையை விட்டுப் போனது. அடுத்து அரசு அதைக் 'கைவிடப்பட்ட சொத்து' என்று அறிவித்து, விடுதலைப் போராளிகள் நல அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது.

கம்பெனி 1976இல் ரிட் போட்டது. 1977 ஜூனில் ஜெயித்தது. தியேட்டரை எடுத்துக்கொண்டது சட்டவிரோதம், திருப்பிக் கொடு என்று உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எந்தக் காலத்தில் என்று கவனியுங்கள். இராணுவச் சட்டம் நடப்பில் இருக்கிறது, ஜியாவுர் ரஹ்மான் தலைமை இராணுவச் சட்ட நிர்வாகி, அதோடு ஜனாதிபதியும் ஆகிவிட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மார்பிள் கம்பெனி அரசை எதிர்த்து ஜெயிக்கிறது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டேன். அதே ஆண்டு அக்டோபரில் இராணுவச் சட்ட ஒழுங்குமுறை எண் 7 வந்தது. சாரம் இவ்வளவுதான்: கைவிடப்பட்ட சொத்து என்று அரசு எடுத்தது எடுத்ததுதான், எந்தக் கோர்ட் என்ன தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் அது செல்லாது. தீர்ப்பு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

---

#2 கையெழுத்து_நிபுணர்

நான் கம்பெனி செக்ரட்டரியாக வேலை பார்ப்பவன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. நிறைய பேர் 'கம்பெனியைப் பறிப்பது' என்றால் பங்குகளைப் பறிப்பது என்று நினைக்கிறார்கள். தேவையே இல்லை. பங்கு உங்கள் பெயரில் அப்படியே இருக்கட்டும். போர்டில் உட்காருவது யார், பேங்கில் செக் கையெழுத்துப் போடுவது யார், இந்த இரண்டையும் மாற்றினால் போதும். உங்கள் பங்குச் சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கலாம்.

நேரில் பார்த்திருக்கிறேன். குடும்பச் சண்டையில் ஒரு சிறிய அச்சகக் கம்பெனிக்குத் தீர்ப்பாயம் ஒரு நிர்வாகியை நியமித்தது. இராணுவமும் இல்லை, ஒன்றும் இல்லை, சாதாரண வழக்குதான். அவர் வந்த முதல் நாள் மிஷின் பக்கமே போகவில்லை. நேரே பேங்குக்குப் போய் மாதிரிக் கையெழுத்து அட்டையை மாற்றினார். மாலையில், அதுவரை கம்பெனியை நடத்தி வந்த பெரியவர் வழக்கம்போல் பேப்பர் சப்ளையருக்கு செக் கொடுத்தார், மறுநாள் திரும்பி வந்தது. 'கையெழுத்து பொருந்தவில்லை' என்று சீட்டு. முப்பது வருஷமாகப் போட்ட கையெழுத்து. அன்றைக்குத்தான் கம்பெனி கைவிட்டுப் போனது அவருக்குப் புரிந்தது.

---

#3 புதுவை_பாலு

@ஓலைப்பெட்டி அப்புறம் என்ன ஆச்சு என்று சொல்லாமல் நிறுத்தினால் எப்படி சார்?

---

#4 தராசுமுள்

ஒரு திருத்தம். தொடக்கப் பதிவைப் படிப்பவர்கள் தியேட்டரை எடுத்ததே இராணுவ ஆட்சிதான் என்று நினைத்துக்கொள்ளலாம். இல்லை. எடுத்தது 1972இல், ஷேக் முஜிப் அரசின் காலத்தில். 1972 ஜனவரியிலேயே தொழில், வணிக நிறுவனங்களின் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ள ஒரு ஆணை வந்தது. உரிமையாளரோ இயக்குநர்களோ நாட்டை விட்டுப் போயிருந்தால் அரசு ஒரு நிர்வாகியையோ நிர்வாகக் குழுவையோ உட்கார வைக்கலாம். அடுத்த மாதமே கைவிடப்பட்ட சொத்துகளுக்குத் தனி ஆணை. இராணுவச் சட்டம் வந்தது 1975 ஆகஸ்டில், முஜிப் கொலைக்குப் பிறகு. அது செய்தது பறிப்பு அல்ல, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன தீர்ப்பை அழித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 1972 ஆணைகளை வெறும் கொள்ளை என்று பேசுவது நியாயம் இல்லை. மேற்குப் பாகிஸ்தான் முதலாளிகள் விட்டுவிட்டுப் போன சணல் மில்களில் சம்பளப் பட்டுவாடாவுக்கே கையெழுத்துப் போட ஆள் கிடையாது. யாராவது ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும். போராளிகளின் குடும்பங்களுக்கு ஒரு அறக்கட்டளை அமைத்து அதற்கு வருமானத்துக்கு வழி செய்வதும் தப்பான காரியம் அல்ல.

---

#5 ஓலைப்பெட்டி

@தராசுமுள் திருத்தம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மில்லை விட்டு ஓடியவன் விஷயம் வேறு, 'நான் எங்கும் போகவில்லையே' என்று வாசலில் நிற்பவன் விஷயம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் கோர்ட். 1977இல் கோர்ட் பிரித்துப் பார்த்துத் தீர்ப்பும் சொன்னது. ஒழுங்குமுறை 7 அந்த வேலையையே செய்யவிடாமல் ஆக்கிவிட்டது. என் கோபம் அதன் மேல்தான்.

@புதுவை_பாலு இதோ. 1978இல் ஹலிமா காதுன் என்ற வேறொரு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அதுவும் கைவிடப்பட்ட சொத்து வழக்குதான். அரசியலமைப்பு இருக்கிறது, ஆனால் இராணுவச் சட்டப் பிரகடனத்துக்கு அடங்கித்தான் இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாட்டின் அடிப்படைச் சட்டம் ஒரு பிரகடனத்துக்குக் கீழே! 1979 ஏப்ரலில் இராணுவச் சட்டம் விலகும்போது நாடாளுமன்றம் ஐந்தாவது திருத்தம் கொண்டுவந்தது. 1975 ஆகஸ்ட் 15 முதல் 1979 ஏப்ரல் 9 வரை போட்ட எல்லாப் பிரகடனமும், ஒழுங்குமுறையும், உத்தரவும் செல்லும். எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக் கூடாது. ஆக, இராணுவம் பாசறைக்குத் திரும்பிவிட்டது, ஒழுங்குமுறை 7 மட்டும் அரசியலமைப்புக்குள் குடியேறிவிட்டது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. 2000இல் புதிதாக ஒரு ரிட் போட்டது. இந்தத் தடவை "என் தியேட்டரைக் கொடு" என்று மட்டும் கேட்கவில்லை. தியேட்டருக்குக் குறுக்கே நிற்பது ஒழுங்குமுறை 7, அதைத் தாங்கிப் பிடிப்பது ஐந்தாவது திருத்தம், எனவே அந்தத் திருத்தமே செல்லாது என்று கேட்டது.

---

#6 மீனாட்சி_வக்கீல்

இந்த வழக்கை நான் படித்திருக்கிறேன், அடுத்த பகுதியை நான் சொல்கிறேன், ஓலைப்பெட்டி அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது.

2005 ஆகஸ்ட் 29. உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.பி.எம். கைருல் ஹக், ஏ.டி.எம். ஃபஸ்லே கபீர் அமர்வு. ஐந்தாவது திருத்தம் செல்லாது. கோந்தகர் முஷ்தாக், நீதிபதி சாயெம், ஜியாவுர் ரஹ்மான் மூவரும் ஆட்சிக்கு வந்ததே அரசியலமைப்புக்குப் புறம்பானது. இராணுவச் சட்டம் என்று ஒன்று பங்களாதேஷ் சட்டத்திலேயே கிடையாது. அப்போது ஆட்சியில் இருந்தது ஜியா தொடங்கிய பி.என்.பி. (பங்களாதேஷ் தேசியவாதக் கட்சி), பிரதமர் அவருடைய மனைவி கலீதா ஜியா. ஒரு தியேட்டர் வழக்கில் இப்படி ஒரு தீர்ப்பு வந்தால் அரசு எப்படிப் பதறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கையோடு ஓடிப்போய்த் தடை வாங்கினார்கள்.

2009இல் ஆட்சி மாறியது. அவாமி லீக் அரசு மேல்முறையீட்டைத் தொடர விரும்பவில்லை. உடனே பி.என்.பி. பொதுச்செயலாளர் கோந்தகர் தெல்வார் ஹுசைன் உள்ளே வந்தார், சில வழக்கறிஞர்களும் வந்தார்கள். அரசு விட்ட வழக்கை எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது! 2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு அவர்கள் மனுக்களைத் தள்ளுபடி செய்து, சில மாற்றங்களோடு 2005 தீர்ப்பை நிலைநிறுத்தியது.

சட்டம் படிப்பவர்களுக்கு இதில் சுவாரஸ்யமான இடம் 'மன்னிப்பு'. எல்லாம் செல்லாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் நாலு வருஷத்தில் நடந்த நியமனங்கள், பட்ஜெட், ஒப்பந்தங்கள் எல்லாம் என்ன ஆவது? அதனால் செல்லாது என்று சொல்லிவிட்டு, நடந்து முடிந்த காரியங்களைப் பொது நன்மைக்காகப் பொறுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இந்த உத்தி புதிது அல்ல. 1972 ஏப்ரலில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் அஸ்மா ஜீலானி வழக்கில் இராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானை 'ஆட்சியை அபகரித்தவர்' என்று அறிவித்தபோதும் இதையேதான் செய்தது.

---

#7 சும்மா_கேட்டேன்

எல்லாம் சரி, தியேட்டர் கிடைத்ததா?

---

#8 மீனாட்சி_வக்கீல்

இல்லை :)

---

#9 ஓலைப்பெட்டி

கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். தீர்ப்பில் சொத்தைத் திருப்பிக் கொடு என்றுதான் இருந்தது. ஆனால் அதற்குள் அந்த இடத்தில் பல மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது, கடைகள் வந்துவிட்டன. எதைத் திருப்பிக் கொடுப்பது? மறுபடி கோர்ட், நீதிமன்ற அவமதிப்பு மனு, மதிப்பீடு என்று போய், 2018இல் சுமார் 99 கோடி டாகா (பங்களாதேஷ் நாணயம்) கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முதல் ரிட் போட்ட 1976இலிருந்து எண்ணினால் 42 வருஷம்.

அந்தக் கம்பெனி தோற்றது என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஜெயித்தது என்று சொல்லவும் வரவில்லை. ஒரு நாட்டின் அரசியலமைப்பைத் திருத்திவிட்டார்கள், ஒரு டிக்கெட் கவுன்ட்டரைத் திரும்ப வாங்க முடியவில்லை.

---

#10 லாகூர்_லஸ்ஸி

பாகிஸ்தான் பேச்சு வந்ததால் இதையும் போடுகிறேன். நம் செக்ரட்டரி சார் (#2) சொன்ன 'பங்கைத் தொடாதே, போர்டைப் பிடி' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

1971 டிசம்பர் 20 அன்று யாஹ்யாவிடமிருந்து பூட்டோ பொறுப்பேற்றார். ஜனாதிபதி மட்டும் அல்ல, தலைமை இராணுவச் சட்ட நிர்வாகியும் அவரேதான். சீருடை போடாத ஒருவர் அந்தப் பதவியில்! இரண்டே வாரம். 1972 ஜனவரி 2 அன்று பொருளாதாரச் சீர்திருத்த ஆணை. இரும்பு எஃகு, கனரக இயந்திரம், மோட்டார், டிராக்டர், ரசாயனம், சிமென்ட், மின்சாரம், எரிவாயு என்று பத்து வகை அடிப்படைத் தொழில்களில் கம்பெனிகளின் நிர்வாகம் அரசுக்குப் போனது. அந்த மாதத்துக்குள் முப்பதுக்கும் மேல். இயக்குநர்கள் வீட்டுக்கு, புது மேலாண்மை இயக்குநர்கள் அரசிலிருந்து. பங்குகளை முதலில் தொடவே இல்லை. வெளிநாட்டு முதலீட்டையும் தொடவில்லை.

ஏன் என்று யோசித்தால் எளிது. பங்கை எடுத்தால் உடனே நஷ்டஈடு பேச வேண்டும். சின்னச் சின்னப் பங்குதாரர்கள் கூச்சல் போடுவார்கள். நாற்காலியை மட்டும் எடுத்தால் செலவே இல்லை.

லாகூர் பாதாமி பாக் பகுதியில் பட்டாலா எஞ்சினியரிங் என்று ஒரு கம்பெனி, சுருக்கமாக பெக்கோ. நிறுவனர் சி.எம். லத்தீஃப். 1947 பிரிவினையில் இந்தியப் பக்கம் பட்டாலாவில் இருந்த ஆலையை விட்டுவிட்டு லாகூரில் மறுபடி ஒன்றிலிருந்து கட்டியவர். சைக்கிள், இயந்திரம், பம்பு என்று என்னென்னவோ செய்தார்கள். சீனப் பிரதமர் சூ என்லாய் வந்து பார்த்த தொழிற்சாலை. 1972இல் அதுவும் போனது. முதல் தடவை எல்லை பறித்தது, இரண்டாம் தடவை ஒரு உத்தரவு.

அதே பட்டியலில் இத்திஃபாக் ஃபவுண்டரியும் இருந்தது. நவாஸ் ஷெரீஃபின் அப்பா மியான் ஷெரீஃப் குடும்பத்துடையது. அது பின்னாளில் குடும்பத்திடம் திரும்பியது. எப்படி? கோர்ட் வழியாக அல்ல, ஜியா உல் ஹக் ஆட்சி திருப்பிக் கொடுத்தது. அதாவது ஒரு இராணுவச் சட்ட நிர்வாகி எடுத்ததை அடுத்த இராணுவச் சட்ட நிர்வாகி கொடுத்தார். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு அரசியலில் எங்கே போனது என்று நான் எழுதத் தேவையில்லை.

---

#11 தராசுமுள்

#10 நல்ல பதிவு. ஆனால் பூட்டோ ஆணைக்கும் ஒரு பின்புலம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். நாட்டின் தொழில் சொத்தில் பெரும்பகுதி 22 குடும்பங்கள் கையில் என்று பொருளாதார நிபுணர் மஹ்பூபுல் ஹக் 1968இல் பேசியது தெருவரை போயிருந்தது. ஜனவரி 2 அன்று மக்கள் அழவில்லை.

---

#12 லாகூர்_லஸ்ஸி

அழவில்லைதான். அதற்காக இராணுவச் சட்டத்தின் நிழலில் ஏன் செய்ய வேண்டும்? தேர்தலில் ஜெயித்த கட்சி, சட்டமன்றத்தைக் கூட்டிச் சட்டம் போட்டிருக்கலாம். அதிகாரம் சட்டைப்பையில் இருந்தது, எடுத்துப் பயன்படுத்தினார்.

---

#13 கையெழுத்து_நிபுணர்

பிலிப்பைன்ஸை யாரும் சொல்லவில்லையே. அந்நாட்டு ஜனாதிபதி மார்க்கோஸ் 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். அறிவுறுத்தல் கடிதம் எண் 1: பத்திரிகை, வானொலி, டி.வி. எல்லாவற்றையும் எடு. எண் 2: மின்சாரக் கம்பெனி மெரால்கோ, தொலைபேசிக் கம்பெனி போன்ற பொதுச்சேவைகளின் நிர்வாகத்தை எடு. கடிதம் என்றுதான் பெயர், வேலை செய்தது சட்டமாக. கூடவே பொது ஆணை எண் 3: இந்த ஆணைகள் செல்லுமா என்று நீதிமன்றங்கள் விசாரிக்கக் கூடாது. பூட்டுப் போடும்போதே சாவித் துவாரத்தையும் மெழுகு ஊற்றி அடைத்துவிட்டார். 1973 அரசியலமைப்பில், ஜனாதிபதி போட்ட ஆணைகள் எல்லாம் நாட்டின் சட்டம், இராணுவச் சட்டம் விலகினாலும் செல்லும் என்று ஒரு பிரிவு. ஆறு வருஷம் கழித்து வந்த டாக்காவின் ஐந்தாவது திருத்தத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

மெரால்கோவின் சொந்தக்காரர் லோபஸ் குடும்பம். மகன் ஹெனி லோபஸ் 1972 நவம்பரில் கைது. அப்பா யூஜெனியோ லோபஸ் அமெரிக்காவில். மகனை விடுவார்கள் என்ற நம்பிக்கையில் அப்பா கம்பெனியை மார்க்கோஸ் தரப்பின் ஒரு அறக்கட்டளைக்கு விற்றார். முன்பணம் 10,000 பீசோ! இதில் எந்தக் கோர்ட்டில் எதை எதிர்ப்பது? காகிதத்தில் அது முறையான விற்பனை. மகனையும் விடவில்லை. அப்பா 1975இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்துபோனார். மகன் 1977இல் சிறையிலிருந்து தப்பி ஹாங்காங் வழியாக அமெரிக்கா போனார். கம்பெனி திரும்பியது 1986க்குப் பிறகுதான், மார்க்கோஸ் ஓடிய பிறகு.

இன்னொரு வேடிக்கை. புது அரசும் உடனே ஒரு ஆணையம் அமைத்து மார்க்கோஸ் கூட்டாளிகளின் கம்பெனிகளை முடக்கியது, போர்டில் தன் ஆட்களை உட்கார வைத்தது. அப்படி முடக்கப்பட்ட பட்டான் கப்பல் கட்டும் தளம் கோர்ட்டுக்குப் போனது. 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் எனக்குப் பிடித்த ஒன்று. முடக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் ஆணையம் காவலாளிதான், உரிமையாளர் அல்ல. முடக்கிய பங்குகளுக்கு நினைத்தபடி ஓட்டுப் போட்டு போர்டை மாற்றக் கூடாது, கனமான காரணம் வேண்டும். ஆனால் இந்தத் தளத்தின் பங்குகளுக்கு ஓட்டுப் போட ஆணையத்தை அனுமதித்தார்கள், காரணம் இருந்தது. அந்தக் கம்பெனியின் பெரும்பாலான பங்குச் சான்றிதழ்கள், வாங்குபவர் பெயர் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டபடி, மார்க்கோஸின் மலாக்கன்யாங் மாளிகையிலேயே கிடைத்திருந்தன.

---

#14 சும்மா_கேட்டேன்

இப்போது உக்ரைனிலும் இதுதானே நடக்கிறது? 2022 நவம்பரில் ஐந்து கம்பெனிகளை இராணுவச் சட்டத்தின் கீழ் எடுத்தார்களே.

---

#15 மீனாட்சி_வக்கீல்

ஆமாம். உக்ர்நாஃப்தா, உக்ர்தத்நாஃப்தா, மோட்டார் சிச், அவ்தோக்ராஸ், ஸாப்போரிஷ்யா டிரான்ஸ்ஃபார்மர் ஆலை. எண்ணெய், விமான எஞ்சின், லாரி, மின்மாற்றி, எல்லாமே போருக்கு வேண்டியவை. ஆனால் ஒப்பிடும்போது இரண்டு வித்தியாசங்களைப் பாருங்கள். ஒன்று, அங்கே பங்குகளையே எடுத்தார்கள், போர்டை மட்டும் அல்ல. இரண்டு, எடுப்பதற்கான சட்டம் 2012இலேயே நாடாளுமன்றம் போட்டு வைத்தது. போர் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது அல்லது ஈடு கொடுப்பது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. டாக்காவில் தீர்ப்பு வந்த பிறகு ஒழுங்குமுறை வந்தது. கீவில் எடுப்பதற்குப் பத்து வருஷம் முன்பே சட்டம் வந்துவிட்டது. குண்டு விழும் நாட்டில் செய்வதும், எதிரி யாரும் இல்லாத ஊரில் செய்வதும் ஒன்று அல்ல என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

---

#16 தராசுமுள்

மாற்றுக் கருத்து இருக்கிறது. 'போருக்கு வேண்டும்' என்பதைத் தீர்மானிப்பவரும் எடுப்பவரும் ஒரே ஆள் என்றால் சட்டம் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஆபத்து ஆபத்துதான். உக்ர்நாஃப்தாவில் பாதிக்குக் கொஞ்சம் மேல் ஏற்கெனவே அரசு நிறுவனம் நாஃப்தோகாஸிடம் இருந்தது. மீதியில் பெரும்பங்கு தொழிலதிபர் கொலொமொய்ஸ்கி தரப்பிடம். அங்கே நிர்வாகம் யார் கையில் என்ற சண்டை போருக்கு முன்பே பல வருஷமாக நடந்ததுதான்.

---

#17 புதுவை_பாலு

இராணுவச் சட்டம் இல்லாமலே போர்டை ஓரம் கட்ட முடியும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கொஞ்சம் தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும்.

1978 ஏப்ரலில் மத்திய அரசு சுதேசி காட்டன் மில்ஸ் கம்பெனியின் ஆறு ஆலைகளின் நிர்வாகத்தை எடுத்தது. கான்பூர், நைனி, உதய்ப்பூர் என்று போகும் பட்டியலில் பாண்டிச்சேரி சுதேசி மில்லும் ஒன்று. தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், ஒரு வார்த்தை விசாரிக்காமல், தேசிய ஜவுளிக் கழகத்திடம் ஒப்படைத்தார்கள். கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. 1981 ஜனவரியில் தீர்ப்பு: எடுப்பதற்கு முன் கம்பெனியைக் கேட்டிருக்க வேண்டும். நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் மாறுபட்டார். சட்டக் கல்லூரியில் இயற்கை நீதி என்றால் இன்றைக்கும் இந்த வழக்கைத்தான் சொல்வார்கள்.

---

#18 சும்மா_கேட்டேன்

மில் திரும்பியதா? (இந்த இழையில் என் வேலையே இந்தக் கேள்விதான் போல)

---

#19 மீனாட்சி_வக்கீல்

எடுத்த உத்தரவை நீதிமன்றம் அப்படியே தூக்கி எறியவில்லை. இப்போதாவது கம்பெனி சொல்வதைக் கேளுங்கள் என்று அரசை அனுப்பியது. 1986இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஆலைகளையே நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. சுதேசி கம்பெனி வேறொரு கம்பெனியில் வைத்திருந்த பங்குகளும் இதில் சேர்த்தியா என்று இன்னொரு வழக்கு நடந்து, சேர்த்திதான் என்று 1988இல் தீர்ப்பு. ஆனால் டாக்கா கதையிலிருந்து ஒரு வித்தியாசம் இருக்கிறது பாலு தம்பி. இங்கே அரசு தீர்ப்பை ரத்து செய்யவில்லை. தீர்ப்புக்குக் கீழ்ப்படிந்து, பிறகு வேறு வாசல் வழியாக வந்தது.

---

#20 கையெழுத்து_நிபுணர்

வேறு வாசல் என்றாலும் வீடு போனது போனதுதானே மேடம்.

---

#21 ஓலைப்பெட்டி

இல்லை சார், நான் மீனாட்சி பக்கம். வேறு வாசல் வழியாக வர எட்டு வருஷம், நாடாளுமன்ற விவாதம், நஷ்டஈட்டுத் தொகை என்று ஒரு வழி இருந்தது. வைஸ்காட்டில் ஒரு அரசிதழ் அறிவிப்போடு முடிந்தது. 42 வருஷம் அலைந்தவனிடம் இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன்.

பாலு, உங்கள் வீட்டில் யாராவது அந்த மில்லில் வேலை பார்த்தார்களா?

---

#22 புதுவை_பாலு

தாத்தா, நூற்புப் பிரிவில். 1978இல் என்ன மாறியது என்று ஒரு முறை கேட்டேன். சங்கு அதே நேரத்துக்குத்தான் ஊதியது, மேஸ்திரியும் அதே ஆள்தான் என்றார். சம்பளச் சீட்டில் மட்டும் கம்பெனிப் பெயருக்குக் கீழே ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் புதிதாக விழுந்ததாம். சீட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மை மங்கிவிட்டது, எழுத்தைப் படிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுகிறேன்.